இலவச பஸ்ஸில் போன வெளிநாடு

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதும்போது விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா, என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் போன வெளிநாட்டுக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து டவுன் பஸ் போகிறது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஜன்னல் ஓரமும் கிடையாது. ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது, இன்னொரு காலை ஒரு அம்மாள் தன் தக்காளிக் கூடையை நகர்த்தியபோது இறக்கி வைத்தேன். சாப்பாடு மட்டும் வழியில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வெளிநாடு திருவண்ணாமலை டவுனைத் தாண்டி, செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றி இருக்கிறது. எல்லைக் கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. டீயின் விலை பன்னிரண்டு ரூபாயிலிருந்து எண்பது ரூபாய்க்குத் தாவுகிற இடத்தில் நாடு மாறிவிட்டது என்று நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தங்கச்சி விஜயா அங்கே மார்த்தா என்கிற போலந்து நாட்டு அம்மாவுக்குச் சமையல் செய்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் சீட்டுக் கட்டுகிறாள், மகனிடம் கை நீட்டாமல் இருக்கிறாள். அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்து ஆபரேஷன் ஆனது. ஒரு மாசம் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாசம் ஆள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்து நின்றுவிடும்.

"நீ போயேன்க்கா. ஒரு மாசந்தானே."

"நானா? எனக்கு இங்கிலீஷ் தெரியாதுடி."

"உனக்குத் தமிழே வாயிலேர்ந்து வராது. அங்க போனா ஒண்ணும் வித்தியாசம் தெரியாது, போ."

நான் அஞ்சாவது வரை படித்தவள். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வருகைப் பதிவில் பாதி நாள் நான் பள்ளிக்கூடமே போகவில்லை. இப்படிப்பட்டவளைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தாள்.

நான் புறப்பட்டது பௌர்ணமி அன்று. பௌர்ணமி என்று தெரியாமல் புறப்பட்டேன் என்று இந்த மாவட்டத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ ஒன்றையும் உள்ளே விடவில்லை. தலையில் வேர்க்கடலை மூட்டை, கையில் பை, முன்னாலும் பின்னாலும் கிரிவலக் கூட்டம். போகிற திசை ஒன்றுதான் என்பதால் நானும் கிரிவலம் போகிறவளாகிவிட்டேன். வழியில் ஒருவர் தொன்னையில் சாம்பார் சாதம் நீட்டினார். "சாமி இல்லைங்க, நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். தயிர் சாதம் கொடுத்தவரிடமும் அதே கூச்சம். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தவரிடம் கூச்சம் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டே வாங்கினேன்.

ஆசிரமத்தைத் தாண்டியதும் சந்துக்குள் திரும்பிவிட்டேன். கால்வாசி கிரிவலத்துக்கு அண்ணாமலையார் கால்வாசி புண்ணியம் தருவாரா, அல்லது பாதியில் கழன்றுகொண்டவள் என்று அபராதம் போடுவாரா, தெரியவில்லை.

வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். மூன்று மாடி கட்டி மூன்றையும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டிருக்கிறார். உச்சி மாடியில் மார்த்தாம்மா. உச்சி மாடி கொதிக்கும், அதனால் வாடகை கம்மி. வயது அறுபத்தொன்று. ஒல்லியாக, வெள்ளை வெளேரென்று, கதர்ச் சேலையைப் பாதி வெட்டித் தைத்த ஜிப்பா போட்டிருந்தார். ஏழு வருஷமாக இங்கேதான். விசாவுக்காக அவ்வப்போது ஊருக்குப் போய் வருவாராம். ஏழு வருஷத்தில் கற்ற தமிழ்: எவ்ளோ, ஜாஸ்தி, கம்மி, போதும், அக்கா. யோசித்துப் பார்த்தேன். இந்த ஊரில் பிழைக்க ஆறாவதாக ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

"அக்கா! போதும்?" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். போதும் என்றேன். நாங்கள் முதல் நாள் பேசியது அவ்வளவுதான். இருவருக்கும் திருப்தி.

சமையலறைச் சுவரில் துணிக் கொடி மாதிரி ஒரு கயிறு. அதில் துணி கிளிப் போட்டு வரிசையாகக் கவர்கள் தொங்கின. ஒவ்வொரு கவரிலும் ஒரு படம். வீடு போட்டது வாடகை, தட்டு போட்டது சாப்பாடு, பல்பு போட்டது கரண்ட், மூன்று சக்கரம் போட்டது ஆட்டோ. வாழைமரம் போட்ட ஒரு கவர் மெலிந்து தொங்கியது, அது எதற்கென்று அப்போது புரியவில்லை. கடைசிக் கவரில் படம் இல்லை. தமிழில் 'விஜயா' என்று எழுதியிருந்தது. என் தங்கச்சியின் கையெழுத்து. மாசம் பிறந்ததும் ஒவ்வொரு கவரிலும் காசு போடுவார், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிறகு அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றுவார். உப்பு பாக்கெட் வாங்கினால்கூட இரண்டு இடத்தில் எழுதுவார். நான் உப்பைக் கல் கல்லாக எண்ணிப் போட ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் ஏகாம்பரம் மேலே வந்தார். மார்த்தாம்மா அவரைக் கூப்பிட்டிருக்கிறார். இருவரும் என் முன்னால் நின்று எனக்குத் தெரியாத மொழியில் பேசினார்கள். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார்.

"பெரிம்மா, தப்பா நெனைக்காதீங்கனு சொல்லச் சொல்றாங்க. இவங்க ஊர்ப் புள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் டியூசன் எடுக்கிறாங்க இல்ல, அதுல நாலு புள்ளைங்க நின்னுடுச்சாம். ஊர்லேர்ந்து வர்ற பென்சன் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப் போவுது. அடுத்த மாசத்துலேர்ந்து சமையல் நானே பண்ணிக்கறேன்றாங்க."

மார்த்தாம்மா என்னைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். நானும் கொடியைப் பார்த்தேன். விஜயா காற்றில் ஆடிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் போனில் விஜயா கேட்டாள். "மார்த்தாம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா சாப்பிடறாங்க."

"என்னைக் கேட்டாங்களா?"

"ம்."

அவள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரம். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே நான் சொல்லாததற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது.

மறு வாரம் இருவரும் மார்க்கெட்டுக்குப் போனோம். சிக்கனமாக ஆட்டோ பிடிக்க மார்த்தாம்மாவிடம் ஒரு வழி இருந்தது. வெள்ளைத் தோலைப் பார்த்தால் ஆட்டோ விலை மூன்று மடங்கு ஏறும். அதனால் அவர் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். விஜயா ஆட்டோவை நிறுத்திப் பேரம் பேசி முடித்ததும் வெளியே வருவார். இப்போது விஜயா இடத்தில் நான். மரத்துக்குப் பின்னால் அவர், ரோட்டோரத்தில் நான். ஆட்டோக்கள் வந்தன, போயின. ஒன்றையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஆட்டோக்காரர் தானே நிறுத்தினார்.

"ஆயா, எங்க போணும்?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

"என்ன ஆயா, மரத்தப் பாக்கற? அட, நம்ம மார்த்தாம்மா! வாங்கம்மா, ஏன் மரத்தாண்ட நிக்கறீங்க? போன தையில எங்க வீட்டுக் கிரகப் பிரவேசத்துக்கு வந்தாங்க ஆயா இவங்க."

உள்ளூர் விலைக்கே கொண்டுபோய் விட்டார். மார்த்தாம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. வேப்பமரம் வேலை செய்தது என்று நினைத்திருப்பார்.

மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கியதும் கடைக்காரம்மா ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போட்டார். "எவ்ளோ?" என்றார் மார்த்தாம்மா. கொசுறு என்றார் கடைக்காரம்மா. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கறிவேப்பிலைக்கு நேராகச் சைபர் போட்டதை நான் பார்த்தேன். சும்மா வந்ததையும் எழுதுகிற மனுஷியை அன்றுதான் பார்த்தேன். நம்மூரில் சும்மா வந்ததைத்தான் முதலில் மறப்போம்.

நான் கொண்டுபோன வேர்க்கடலையை மார்த்தாம்மாவுக்கென்று வறுத்தேன். வாசனை இரண்டாம் மாடிக்கு இறங்கி, அங்கிருந்த தாடிக்காரரை மேலே ஏற்றிவிட்டது. ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். விலை கேட்டார். எனக்கு விலை சொல்லக் கூச்சம். நான் பேசாமல் நின்றதை அவர் பேரமாக எடுத்துக்கொண்டார். ஐம்பது ரூபாயை நீட்டினார். நான் இன்னும் பேசவில்லை. நூறாக்கினார். வியாபாரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு இவ்வளவு லாபம் என்று தெரிந்திருந்தால் கடலையை இத்தனை வருஷம் மண்டிக்குப் போட்டிருக்க மாட்டேன். மாசம் முழுக்க வெளிநாட்டில் எனக்கு வெற்றிலைச் செலவு இந்தப் பக்க வருமானத்தில்தான் ஓடியது.

ஒரு நாள் சிநேகிதியைப் பார்க்க மார்த்தாம்மா என்னையும் ஒரு கபேக்குக் கூட்டிப்போனார். தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்கிறோம் என்று இத்தனை நாள் வருத்தப்பட்டேன், அங்கே தரையில் உட்காரக் காசு வாங்குகிறார்கள். ராகிக் கூழ் ஒரு மரக் கிண்ணத்தில் வந்தது. மேலே வாழைப்பழம் வட்டமாக நறுக்கி, நாலு வேர்க்கடலை தூவியிருந்தது. இருநூற்றி இருபது ரூபாய். சிநேகிதிதான் சாப்பிட்டார். மார்த்தாம்மா எலுமிச்சை டீயோடு நிறுத்திக்கொண்டார், எனக்கும் அதுவே.

சிநேகிதி கண்ணை மூடி என்னவோ உருக்கமாகச் சொன்னார். பரிமாறியவர் வேட்டவலத்துக்காரர், என் காதருகில் குனிந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டாங்களாம்மா. இனிமே ஒண்ணுமே வேணாமாம். இங்க வைஃபை மட்டும் கொஞ்சம் ஸ்லோவா இருக்குதாம்."

எங்கள் சந்து முனைப் பூக்கார அம்மாவின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. மார்த்தாம்மாவுக்குப் பத்திரிகை வைத்திருந்தார்கள். வாழைமரக் கவர் எதற்கு என்று அன்று தெரிந்தது. அதிலிருந்து ஐநூற்றியொரு ரூபாய் எடுத்து இன்னொரு கவரில் போட்டார். ஒற்றை ரூபாய் வைக்க வேண்டும் என்பது மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏகாம்பரம் குடும்பத்தோடு நாங்களும் மண்டபத்துக்குப் போனோம். குழந்தை கத்தியது, மேளம் அதைவிடக் கத்தியது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தி முடித்தார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் மேஜைக்கு வந்தோம். ஒருவர் வாங்கி எண்ண, ஒருவர் நோட்டில் ஊரும் பேரும் எழுதிக்கொண்டிருந்தார். மார்த்தாம்மா நோட்டைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இவரு என்ன எழுதறாருனு கேக்கறாங்க" என்றார் ஏகாம்பரம். "ஏழு வருசமா கவர் குடுக்கறாங்க, இன்னிக்குத்தான் கேக்கறாங்க பாருங்க."

கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மார்த்தாம்மா முகம் மாறியது. ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார்.

"திருப்பிச் செய்யறதுக்குத்தான் எழுதறோம்னு சொன்னேன் பெரிம்மா. அப்போ கடனான்றாங்க. கடன் இல்ல, அன்பளிப்புன்னேன். அன்பளிப்புன்னா எதுக்கு எழுதறீங்கன்றாங்க. நான் என்னத்தச் சொல்றது? இதுல, நான் குடுத்ததெல்லாம் எப்போ வரும்னு வேற கேக்கறாங்க."

"விசேஷம் வெச்சாதானே வரும்" என்றாள் அவர் மனைவி.

என்ன விசேஷம் என்று பேச்சு வளர்ந்தது. கல்யாணம்? ஒன்று பண்ணிப் பார்த்தாயிற்று, போதும் என்றார் மார்த்தாம்மா. அந்தப் 'போதும்' சுத்தமான தமிழில் வந்தது. கிரகப் பிரவேசம்? "வீடு என்னுது" என்றார் ஏகாம்பரம் அவசரமாக. மஞ்சள் நீராட்டு என்று ஆரம்பித்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

நான் பேசுவது பெரும்பாலும் எனக்குள்ளேதான். அன்று கொஞ்சம் வெளியே சிந்திவிட்டது. "காதுதான் மூளியாக் கெடக்குதே. குத்திக்கினா மொய் தானா வருது."

குத்தலாகத்தான் சொன்னேன். அறுபத்தொரு வயதுக்காரிக்குக் காதுகுத்தா! ஏகாம்பரம் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா, மொழிபெயர்த்தும் விட்டார். மார்த்தாம்மா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் இரண்டு காதையும் தொட்டுப் பார்த்தார். ஆட்டோவில் திரும்பி வரும்போதும் ஒரு கை காதில்தான் இருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்து ஏழு வருஷத்து வாழைமரக் கவர்களைக் கூட்டினார். கேளிக்கைச் செலவு என்று ஒரு வரிசையில் போட்டு வைத்திருந்தாராம், சினிமாவும் சுற்றுலாவும் எழுதுகிற இடத்தில். கூட்டல் முடிந்ததும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். ஏகாம்பரம் விசில் அடித்தார். "பெரிம்மா, முப்பதாயிரத்துக்கு மேல ஊர்ல நிக்குது!"

விஜயாவின் ஆறு மாசச் சம்பளம் என்று என் மனசு கணக்குப் போட்டது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்தக் காதுகள் மேல் மரியாதை வந்தது.

மாசி மாசத்தில் நாள் குறித்தார்கள். ஏகாம்பரம் தாய்மாமன் ஆனார். மருமகளைவிடத் தாய்மாமன் பன்னிரண்டு வயது சின்னவர். வாடகைப் பாக்கிக்கு ஒரு நாள் பொறுக்காத மனுஷர் கால் கிராமில் கம்மல் வாங்கினார் என்றால், குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரோ என்ற பயம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்.

சந்து முனையில் பிளக்ஸ் கட்டினார்கள். பிளக்ஸ் கடையில் காதணி விழாவுக்கு ஒரே ஒரு அச்சுதான் இருக்கும் போல. சுற்றிலும் பொம்மை, பலூன், பால் பாட்டில். நடுவில், குழந்தை முகம் வரவேண்டிய வட்டத்துக்குள், கண்ணாடி போட்ட மார்த்தாம்மா. மேலே 'எங்கள் குட்டி தேவதை'. காலையில் அந்தப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்காரர் அதை நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். புதிய சாமியார் என்று நினைத்திருக்கலாம்.

விருந்துக்கு மார்த்தாம்மா ஒரு திட்டம் வைத்திருந்தார். பிஸ்கட், எலுமிச்சை டீ. செலவு கம்மி.

"மொய் எழுதற எடத்துல பிஸ்கட்டா?" என்றேன்.

ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேசரி, பொங்கல், வடை, சாம்பார், இரண்டு சட்னி என்று முடிவானது. சமையல் நான்.

விசேஷ நாள் விடியலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விஜயா வந்து இறங்கினாள். அடுப்புப் பக்கம் வரமாட்டேன், காய் நறுக்கத்தான் வந்தேன் என்றாள். நறுக்குகிற இடத்தில் ஏகாம்பரம் மனைவியும் இருந்தாள். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஏன்க்கா, என்னை நிறுத்தப் போறாங்கனு உனக்கு அப்பவே தெரியுமா?"

"கண்ணுல தண்ணி வரக் கூடாதுனு..."

"கண்ணுக்கு வராது. வயித்துக்குத்தான் வரும். நல்லா சாப்பிடறாங்க, நல்லா சாப்பிடறாங்கனு தெனம் சொன்னியே, நான் இங்க செலவுக் கணக்காட்டம் தொங்கினு இருந்தேனா?" வெங்காயத்தை ஓங்கி வெட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நான் இன்னிக்கு மொய் வெக்கறதா வேணாமா? அதச் சொல்லு" என்றாள்.

ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். சரியாக ஒன்பதுக்கு வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராக மார்த்தாம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். கண் கலங்கினார்கள். கை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள். கட்டிப்பிடித்ததை நோட்டில் எழுத முடியாது.

நம்மவர்கள் ஒருவரும் வரவில்லை. மாடியில் விரித்த பாய் காலியாகக் கிடந்தது. ஒன்பதே கால். வடை ஆறியது. மார்த்தாம்மா படிக்கட்டைப் பார்த்தார். விஜயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தாள். விஜயாவுக்குச் சம்பளம் அந்தப் படிக்கட்டில் ஏறித்தான் வர வேண்டும்.

பத்து மணிக்குச் சந்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக. வேப்பமரத்தடி ஆட்டோக்காரர் ஸ்டாண்டையே காலி செய்து கூட்டி வந்திருந்தார். பூக்கார அம்மா பந்து பந்தாகப் பூவோடு வந்தார், பின்னால் பேத்தி, காதில் இன்னும் மஞ்சள் காயவில்லை. பால்காரர், டீக்கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், அவரவர் பெண்டு பிள்ளைகள். மாடி தாங்குமா என்று ஏகாம்பரம் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

மடியில் உட்கார வைத்துக் குத்துவது முறை. ஏகாம்பரம் சம்மணம் போட்டார். அவர் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். முறை அதோடு மாறி, மார்த்தாம்மா நாற்காலியிலும் தாய்மாமன் பக்கத்தில் நின்றபடியும் ஆனது. "மொட்டை உண்டுங்களா?" என்று ஆசாரி கேட்டார். அதை மட்டும் ஏகாம்பரம் மொழிபெயர்க்கவில்லை. குத்தும்போது மார்த்தாம்மா அவருடைய மொழியில் ஒரு வார்த்தை கத்தினார். இன்னொரு போலந்துக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது. பூக்காரப் பேத்தி கைதட்டிச் சிரித்தாள்.

மொய் எழுத ஆள் இல்லை. ஏகாம்பரம் பந்திக்கும் படிக்கட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். "பெரிம்மா, உங்களுக்கு எழுத வரும் இல்ல?" என்று என்னை மேஜையில் உட்கார வைத்துவிட்டார். மொய் மேஜையில் நான் ஒரு பொம்பளையைப் பார்த்ததே கிடையாது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கூச்சப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தலையைக் குனிந்து எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ஊர், பேர், தொகை. ஐநூற்றியொன்று வாங்கியவர்கள் ஐநூற்றி ஐம்பத்தொன்றும் அறுநூற்றியொன்றும் வைத்தார்கள். ஓரத்தில் ஏகாம்பரத்தின் க்யூஆர் அட்டையும் ஒட்டியிருந்தது. அதில் வந்தது அவர் கணக்குக்குப் போகும். அது எப்போது கைக்கு வரும் என்று கேட்க எனக்குக் கூச்சம். விஜயாவுக்குக் கூச்சம் கிடையாது. சாப்பாடு முடிவதற்குள் அவர் ஏ.டி.எம். போய் வந்தார்.

கூட்டம் குறைந்தபோது என் முடிச்சிலிருந்து நூற்றியொரு ரூபாயை எடுத்தேன். கடலைக் காசு. இத்தனை வருஷம் நான் வைத்த மொய்யெல்லாம் வீட்டுக்காரர் பேரில் எழுதியது. அவர் போன பிறகு மகன் பேரில். யார் பேர் என்று எழுதுகிறவர் கேட்பார், நானும் சொல்வேன். இன்று எழுதுகிறவளும் நான்தான், கேட்க ஆள் இல்லை. 'கீழ்பென்னாத்தூர், தனபாக்கியம்' என்று எழுதினேன். கையெழுத்து கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

எல்லாரும் போன பிறகு எண்ணினார்கள். செலவு போக இருபத்து மூவாயிரம் சொச்சம். மார்த்தாம்மா சிவந்த காதோடு எழுந்து 'விஜயா' கவரில் நோட்டுகளைத் திணித்தார். கிளிப் பிடிக்கவில்லை, இரண்டாவது கிளிப் போட்டார். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

"என்னனு போட்டாங்க?" என்றேன்.

"பக்க வருமானம்னு போட்டிருக்காங்க" என்றார் ஏகாம்பரம்.

"ஐயையோ, வருமானமில்லைங்க அது. திருப்பணுமே. மேல போட்டுத் திருப்பணும்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடிக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்த ஒரே தொழில். அதையும் அன்று மறந்தேன். ஏகாம்பரம் சொன்னதும் மார்த்தாம்மாவின் கை கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து கொடிக்குப் போனது. 'விஜயா' கவரின் முதல் கிளிப்பைக் கழற்றினார்.

"இருங்க" என்றேன். "சொல்லுங்க அவங்ககிட்ட. இன்னிக்கே யாரும் கேக்க மாட்டாங்க. ஒவ்வொரு வீட்லயா விசேஷம் வரும், வரும்போது வெச்சாப் போதும். பூக்காரம்மா பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருசம் கெடக்குது. அதுவரைக்கும் அந்தக் காசு எதுக்குச் சும்மா தொங்கணும்? எல்லாரும் இதுலதான் வீடு கட்டறான், புள்ளையப் படிக்க வெக்கறான். இவங்க சோறு தின்னட்டும்."

மார்த்தாம்மா யோசித்தார். ஏகாம்பரம் வழியாக ஒரு கேள்வி வந்தது. "இருபது வருசத்துக்கு வட்டி எவ்ளோன்றாங்க."

"வட்டி கெடையாது. நேர்ல வரணும். அவ்ளோதான்."

அதை மொழிபெயர்க்க ஏகாம்பரத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மார்த்தாம்மா நோட்டை எடுத்து, தன்னால் படிக்க முடியாத அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். எண்பது வயதில் யார் யார் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று எண்ணினாரோ என்னவோ. கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டினார். "விஜயா, போதும்?" என்றார். "போதும்" என்றாள் விஜயா. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள், டாக்டர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்ததாம்.

நான் பையைக் கட்டினேன். மாசம் முடிந்துவிட்டது. மார்த்தாம்மாவின் விரல் நோட்டின் கடைசி வரியில் நின்றது. யார் என்று கேட்டார், விஜயா என்னைக் காட்டினாள். உடனே இன்னொரு கேள்வி. ஏகாம்பரம் தயங்கினார்.

"உங்க விசேஷம் எப்போனு கேக்கறாங்க பெரிம்மா. எழுதி வெச்சுக்கணுமாம்."

என் காது எப்போதோ குத்தியாயிற்று. கல்யாணம் ஆகி, அவர் போயும் ஆயிற்று. என் பேரில் எழுதிய மொய் என் விசேஷத்துக்குத்தான் திரும்ப வரவேண்டும். எனக்கு மிச்சமிருக்கிற விசேஷம் ஒன்றே ஒன்று. விஜயா என் விலாவில் இடித்தாள்.

"என் காரியம் ஒண்ணுதானே பாக்கி, அதையே சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். மார்த்தாம்மா நோட்டை மூடி வைத்தார். பிறகு புதிதாக ஒரு கவர் எடுத்தார். விஜயாவை விட்டு அதில் 'தனபாக்கியம்' என்று தமிழில் எழுத வைத்தார். நூற்றி ஐம்பத்தொரு ரூபாய் போட்டார், மற்ற கவர்களை விட்டுத் தள்ளி, கொடியின் கடைசியில் மாட்டினார். என் காரியத்துக்கென்று முன்கூட்டியே காசு எடுத்து வைத்த முதல் ஆள் அவர்தான். பெற்ற பிள்ளைகூட இன்னும் ஆரம்பிக்கவில்லை.

திரும்பும்போதும் இலவச பஸ்தான். இந்த முறை ஜன்னல் ஓரம் கிடைத்தது. மற்ற கவர்கள் எல்லாம் மாசக் கடைசியில் காலியாகிவிடும். என்னுடையது மட்டும் அங்கே நிறைந்து தொங்கிக்கொண்டிருக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.